கரடிக்கு வெயில் ஆகாது

அபர்டீன்
9 பெப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

நான் இங்கே வந்து மூன்று வாரமாகிறது. முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. குளிர்தான் பழகவில்லை. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஸ்கூல் ஈமெயிலுக்கு எழுது, வீட்டில் போன் பேச வசதிப்படாது என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். என்ன வசதி என்று எனக்கு விளங்கவில்லை. போன ஞாயிறு பேசியபோதும் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் அத்தான் இருமுவது மட்டும் நன்றாகக் கேட்டது. சரி, நீ சொன்னபடியே எழுதுகிறேன்.

கரடி எப்படி இருக்கிறான்? அவனை நினைத்தால்தான் இங்கே எனக்கு நிம்மதியில்லை. முன்வீட்டு டொக்டர் குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது என் கையில் தந்துவிட்டுப் போனது, நான் உன் கையில் தந்துவிட்டு வந்துவிட்டேன். அவனிடம் யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அவனுடைய உடம்பு பனி நாட்டுக்கு ஆனது. மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு மயிர். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சௌ சௌ ஜாதிக்கு மூக்கும் கட்டை. அதனால் அதுவும் ஒழுங்காக நடக்காது.

மார்ச், ஏப்ரலில் மஹய்யாவ வீடு எப்படிக் காயும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் நடக்கக் கூட்டிப் போ. வெயில் ஏறிவிட்டால் வேண்டாம். சந்தேகம் வந்தால் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். பகலில் குளியலறைப் பக்கத்துச் சிமெந்துத் தரையில் படுக்க விடு. பின்பக்கத் தகரக் கொட்டிலில் மட்டும் விடாதே. தண்ணீர்ச் சட்டியை இரண்டு இடத்தில் வை, ஒன்றை அவன் எப்படியும் கவிழ்த்துவிடுவான்.

நீ பதில் எழுதும்வரை நான் இப்படித்தான் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

உன் சர்மி

*

கண்டி
20 பெப்ரவரி 2025

அன்பின் சர்மி,

பதினொரு நாளாகப் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. ஆசிரியர் அறைக் கணினியில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். இப்போது றீற்றா டீச்சர் எழும்பி இடம் தந்தபடியால் எழுதுகிறேன். போன வருடம்தான் இங்கே மாறி வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக ஹந்தானையில் இருக்கிறார். நான் உனக்கு எழுதுகிறேன் என்றதும், "ஓம், தங்கச்சிக்கெண்டால் முதல் எழுதும், நான் பிறகு பாக்கிறன்" என்றார்.

கரடி நன்றாக இருக்கிறான். நன்றாக என்றால் சாப்பிடுகிறான், உன் அறைக் கதவை முகர்ந்து பார்க்கிறான், பிறகு என் காலடியில் வந்து மலை மாதிரி விழுகிறான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய பல் சீப்பால் சீவி விடுகிறேன். ஒவ்வொரு நாளும் ஒரு தலையணைக்குப் போதுமான மயிர் வருகிறது. அது காற்றில் பறந்து உன் அத்தானுடைய பிளேட்டில் விழுந்தால் அன்று முழுவதும் அதே பேச்சுத்தான்.

அவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கரடிக்கு மொட்டை அடித்துவிட வேண்டுமாம். "நம்மளுக்கே இவ்வளவு வேர்க்குது, அந்தக் கம்பளிய உரிச்சிட்டா அதுக்கும் சொகம், வீட்டுக்கும் சொகம்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டும் ஆளை வீட்டுக்கே வரச் சொல்லப் போகிறாராம். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் சொல்.

கரடிக்குப் போட்ட ஃபேனை நான் நிறுத்துவதில்லை, அவருக்குப் போட்டதை நிறுத்திவிடுகிறேன் என்றும் ஒரு குறை. உண்மையில் நடப்பது நேர்மாறு. மணி அடித்துவிட்டது.

அன்புடன் அக்கா
யசோதினி

*

அபர்டீன்
20 பெப்ரவரி 2025

அக்கா,

மொட்டை அடிக்க விடாதே. எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. அந்த மயிர் குளிருக்கு மட்டும் இல்லை, வெயில் நேராகத் தோலில் படாமல் மறைப்பதும் அதுதான். வழித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப முளைக்கும்போதும் கன்னாபின்னாவென்று முளைக்கும். அடிமயிரைச் சீவி எடுத்துக்கொண்டிருந்தால் போதும், உள்ளே காற்று போகும். நீ செய்வதுதான் சரி. முடிவெட்டும் ஆள் வந்தால் அத்தானுக்கே வெட்டிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெயில் அடித்துவிட்டால் மற்ற நாய்களுக்கு நாக்கும் பல் முரசும் கடும் சிவப்பாகிக் காட்டிக் கொடுக்கும். இவனுக்குப் பிறவியிலேயே நாக்கு நீலக் கறுப்பு, முரசும் கறுப்பு. பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பார். எச்சில் பசை மாதிரி தடித்திருக்கிறதா, கால் தள்ளாடுகிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் எங்கோ பார்க்கிறானா என்று பார். அப்படி இருந்தால் டொக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் தண்ணீர். ஐஸ் தண்ணீர் வேண்டாம், சும்மா பைப் தண்ணீர். மயிரை விரித்து விரித்து, தண்ணீர் தோல்வரைக்கும் போகும்படி ஊற்ற வேண்டும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு. பிறகு காற்றுப் பட வேண்டும். ஈரத் துவாயைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே நின்றுவிடும். மயங்கிக் கிடந்தால் வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதே, நுரையீரலுக்குப் போய்விடும்.

காரில் மட்டும் ஒரு நிமிடமும் தனியாக விட்டுவிடாதே, அக்கா. நிழலில் நிறுத்தினாலும், ஜன்னலை இறக்கி வைத்தாலும் கூடாது.

இதெல்லாம் நடக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்.

சர்மி

*

கண்டி
17 மார்ச் 2025

அன்பின் சர்மி,

முதலில் இதைப் படி. கரடி உயிரோடு இருக்கிறான்.

சனிக்கிழமை அவனுக்கு வெயில் அடித்துவிட்டது. பிழை என்னுடையது. பின்வளவில் கொய்யா மரத்தடியில் கட்டிவிட்டுச் சமையலில் நின்றுவிட்டேன். நிழல் விலகிப்போனதைக் கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தபோது பக்கவாட்டில் கிடந்தான். மூச்சு இரைச்சலாக, மரம் அறுக்கிற மாதிரி வந்தது. "கரடி" என்று கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நீ எழுதியது ஞாபகம் வந்து கீழ் இமையை இழுத்தேன். செங்கல் நிறம்.

நல்ல வேளையாக, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் முனாஸ் நானாவின் த்ரீவீலர் அங்கே நின்றது. அவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பெற்றோல் அடிக்கிற செட்டின் பைப்படியில் கிடத்தினோம். நான் மயிரை விரிக்க விரிக்க அவர் தண்ணீர் பிடித்தார். மேலால் ஓடிப்போன தண்ணீர் அடிமயிருக்குள் இறங்கவே நேரமெடுத்தது. யாரோ ஒருவர் சோடா போத்தலோடு வந்து வாயில் ஊற்றப் பார்த்தார், நான் கத்திவிட்டேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

நனைந்தபடியே ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியர் ஸஹ்ரா டொக்டரின் கிளினிக்குக்குப் போனோம். த்ரீவீலரில் இரண்டு பக்கமும் திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று, வழியெல்லாம் காற்று அடித்துக்கொண்டே வந்தது. "டீச்சர், சீட்டு நனைஞ்சா நனையட்டும், நீங்க தலைய மட்டும் தூக்கிப் புடிங்க" என்றார் நானா. டொக்டர் சூடு அளந்தார். தண்ணீர் ஊற்றிய பிறகும் நாற்பத்தொன்றுக்கு மேல் இருந்தது. சேலைன் ஏற்றி, ஃபேனுக்கு முன்னால் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒரு கட்டத்தில், "இனி தண்ணி போதும், இதுக்கு மேல ஊத்துனா சூடு ரொம்பக் கீழ போயிரும்" என்று நிறுத்தச் சொன்னார். அங்கேயே வைத்திருக்கிறார். இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று இன்றும் நாளையும் பார்க்க வேண்டுமாம். வெயில் அடித்த நாய் எழும்பி வாலாட்டிவிட்டு அடுத்த நாள் விழுவதும் உண்டாம்.

என்னைத் திட்டு. ஆனால் பதில் எழுது.

யசோ

*

அபர்டீன்
17 மார்ச் 2025

அக்கா,

உன்னைத் திட்டமாட்டேன். நீ செய்ததெல்லாம் சரி. நான் பக்கத்தில் நின்றிருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்கமாட்டேன்.

மூத்திரம் போனானா? என்ன நிறம்? வாந்தியில், மலத்தில் இரத்தம் இருக்கிறதா? முரசில், வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளி வருகிறதா என்று டொக்டரிடம் கேள். இன்று வேலையில் ஒரு பாட்டிக்குக் கொடுத்த மருந்தையே மறுபடியும் எடுத்துக்கொண்டு போக, மேற்பார்வையாளர் என்னை உட்கார வைத்துவிட்டார்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நம் வளவில் குளியலறைப் பைப் பத்தடியில் இருக்கிறது. நீ ஏன் பெற்றோல் செட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாய்? மஹய்யாவ வீட்டுக்குக் கிட்ட பெற்றோல் செட்டே இல்லையே. யார் அந்த சோடா போத்தல்காரர்? நம் பின்வளவுக்குள் எப்படி வந்தார்?

கரடியை நீ கட்டிப்போட்டு ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

சர்மி

*

கண்டி
19 மார்ச் 2025

சர்மி,

மூத்திரம் போனான். முதல் நாள் தேயிலைச் சாயம் மாதிரி, இன்று வெளிறியிருக்கிறது. மலத்தில் இரத்தம் இருந்தது, குறைந்து வருகிறது. காதின் உள்பக்கம் இரண்டு மூன்று ஊதாப் புள்ளி. டொக்டர் அதைத்தான் அடிக்கடி வந்து பார்க்கிறார். நேற்று நான் போனபோது தலையைத் தூக்கினான், மற்றபடி ஒன்றுமில்லை. ஸ்கூல் விட்டதும் ஓடிப்போய் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது இரண்டு இடத்திலும் இல்லாத மாதிரி இருக்கிறது.

மற்றதைப் பற்றி இப்போது கேட்காதே.

யசோ

*

அபர்டீன்
20 மார்ச் 2025

அக்கா,

கேட்காமல் எப்படி இருப்பேன்? கார்தானே?

சாவி யாரிடம் இருந்தது?

சர்மி

*

கண்டி
25 மார்ச் 2025

அன்பின் சர்மி,

நேற்றுக் கரடியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெலிந்துபோய், கழுத்து மயிர் மட்டும் பெரிதாகத் தெரிகிறான். நடந்தால் பின்கால் கொஞ்சம் வழுக்குகிறது. கஞ்சியை என் கையிலிருந்துதான் குடிக்கிறான். இதை எழுதியாயிற்று. இனி உன் கேள்வி.

ஆம், கார்தான்.

அன்று காலையில் கரடிக்கு விசர்நாய்த் தடுப்பூசி. ஸஹ்ரா டொக்டரிடம் போட்டுவிட்டுத் திரும்பும்போது, டைல்ஸ் கடை திறந்திருக்கும் தன் நண்பர் நிரோஷனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் உன் அத்தான். பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் காரை நிறுத்தினார். நான் காரிலேயே இருக்கிறேன் என்றேன். "நிரோஷன் வைஃபும் வந்திருக்காங்க, நீ கார்ல குந்திக்கிட்டு இருந்தா என்ன நெனப்பாங்க? பத்து நிமிஷம்தான், ஜன்னல எறக்கி விட்டுருக்கேன்ல" என்றார். விரல் நுழைகிற அளவுக்கு இறக்கியிருந்தார். நான் இறங்கினேன். அதுதான் என் பிழை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளிர்பானம் வந்தது, கேக் வந்தது, மேல்மாடி காட்டினார்கள். நான் மெதுவாகச் சாவியைக் கேட்டேன். "இருடி, போயிடலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நிரோஷனிடம், "இவங்க தங்கச்சி ஒரு கரடிய விட்டுட்டுப் போயிருக்கா, எங்க வீட்ல இப்ப அதுதான் மகாராசா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை கையை நீட்டிக் கேட்டேன். சாவியை மேசையிலிருந்து எடுத்தார். என் கையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார், சர்மி.

சாவியில்லாமலே ஓடினேன். கண்ணாடியெல்லாம் உள்பக்கம் புகை படிந்த மாதிரி இருந்தது. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் கிடந்தான். பக்கத்தில் லொறிச் சில்லு உருளாமல் அடை வைத்திருந்த கல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்தேன். முதல் அடியில் உடையவில்லை. பெற்றோல் செட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலையோடு நின்று கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தேன். வாடகைக்காகக் காத்துக்கொண்டிருந்த முனாஸ் நானா ஓடி வந்து கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார்.

உன் அத்தான் கடை வாசலில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

பின்னேரம் கிளினிக்குக்கு வந்தார், உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு சிகரெட் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேசுவது கண்ணாடியைப் பற்றித்தான். "ஆளுங்க முன்னுக்கு என்னைய அசிங்கப்படுத்திட்ட. நிரோஷன்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்கணும்" என்கிறார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன்னிடம் பொய் சொன்னதற்குக் காரணம் அவரைக் காப்பாற்றுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. கல்லை எடுத்த கை என்னுடையதுதானா என்று எனக்குப் பயமாக இருந்தது. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

மற்றபடி, கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் சாவி மட்டுமா? போனும் அப்படித்தான். நான் யாரோடு பேசினாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை, உன் முதல் கடிதத்திலேயே உனக்கு இருமல் கேட்டிருக்கிறதே.

அன்புடன்
யசோ

*

அபர்டீன்
26 மார்ச் 2025

அக்கா,

நீ அந்த வீட்டில் இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது. வேலைக்கு லீவு கேட்டிருக்கிறேன், தரமாட்டார்கள். அதனால் இன்று அத்தானுக்கு நானே போன் பண்ணினேன். நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, "சாவியை ஏன் பைக்குள் போட்டீங்க?" போனை வைத்துவிட்டார். மறுபடியும் எடுத்தேன். நிறுத்தி வைத்திருக்கிறார்.

யாராவது அவரிடம் கேட்க வேண்டும், அக்கா. கரடியையும் கூட்டிக்கொண்டு புறப்படு. எங்கே என்று பிறகு யோசிக்கலாம்.

சர்மி

*

கண்டி
2 ஏப்ரல் 2025

சர்மிளா,

நீ பண்ணியது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ அங்கிருந்து போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துவிடுவாய். அந்தக் கேள்வியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியவள் நான். உனக்கு நான் எழுதியது எனக்காகத்தான். எடுத்து அவர் முகத்தில் எறிவதற்கு இல்லை. "எங்க வீட்டு விசயத்த எங்க உக்காந்து எழுதுற?" என்று கேட்டார். ஸ்கூலில் என்று சொன்னேன். அடுத்த நாள் காலையில் ஸ்கூல் கேட்டுக்கே வந்து, அதிபரைக் கண்டு, என்னைக் கணினிப் பக்கம் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "என்ன டீச்சர் இது?" என்று மட்டும் கேட்டார், கணினியை மறிக்கவில்லை. முப்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, எனக்கு அப்படி ஒரு அவமானம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் கரடி தகரக் கொட்டிலில் கிடந்தான். கதவு வெளியால் பூட்டியிருந்தது. சாவி கதவிலேயே தொங்கியது, அதை மட்டும் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. மூச்சிரைத்துக்கொண்டு நின்றான், விழவில்லை. கழுவி, ஃபேனுக்கு முன்னால் வைத்து, டொக்டருக்கு, அன்று என்னை ஏற்றி வந்த முனாஸ் நானாவின் போனில் பேசினேன். "டீச்சர், ஒரு தடவ வெயில் அடிச்ச நாய்க்கு உடம்பு பழையபடி சூட்டத் தாங்காது. இன்னொரு தடவ விழுந்தா எழும்ப மாட்டான். அந்தத் தகரத்துக்குக் கீழ வெச்சிருக்காதீங்க, மேட்டுப் பக்கம் யாராவது இருந்தா அங்க அனுப்புங்க" என்றார்.

அடுத்த நாள் றீற்றா டீச்சரிடம் இரண்டு மாதத்துக்கு நாயை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர், "நாயை மட்டும் எனக்குப் பாக்கத் தெரியாது. நீரும் வாரும். முன் அறை சும்மாதான் கிடக்குது" என்றார்.

வீட்டில், "வெயில் முடியும்வரைக்கும் கரடியை ஹந்தானையில் வைத்திருக்கப் போகிறேன், நானும் கூடப் போகிறேன்" என்று சொன்னேன். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். "நாய்க்காக வீட்ட விட்டுப் போறியா?" என்று சிரித்தார். ஆம் என்றேன். சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கம்பக்கத்துக்கும் அதே பதில்தான். நாய்க்காகப் போகிறேன். எல்லோருக்கும் அது சொல்ல லேசாக இருக்கிறது.

இனி நான் எழுதும்வரை எதுவும் செய்யாதே.

அக்கா

*

அபர்டீன்
3 ஏப்ரல் 2025

அக்கா,

மன்னித்துக்கொள். நீ சொன்னது சரி. தூரத்தில் இருப்பவளுக்குக் கத்துவது சுலபம். இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால் அங்கே உன் கையையும் சேர்த்துக் கட்டிவிடப் பார்த்தேன்.

நீ எழுதும்வரை காத்திருப்பேன். எழுதாவிட்டாலும் காத்திருப்பேன். கரடியின் நெற்றியில் ஒரு முத்தம். முடிந்தால் உன் நெற்றியிலும்.

சர்மி

*

ஹந்தானை
23 ஜூன் 2025

என் சர்மிக்கு,

இடையில் அனுப்பிய இரண்டு மூன்று வரிகளை வைத்துக்கொண்டு நீ எப்படிப் பொறுத்தாயோ தெரியாது. கோபம் எப்போதோ போய்விட்டது. எழுத உட்காரும்போது மட்டும் என்ன எழுதுவது என்று மனம் அங்கும் இங்கும் ஓடியது. இன்று எழுத ஒன்று இருக்கிறது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. பின்னேரத்தில் மூடுபனி தேயிலை வரிசைக்குள் இறங்கி வந்து வாசல்வரைக்கும் நிற்கும். கரடி அதற்குள் போய் நின்றுகொண்டு திரும்பி வரமாட்டேன் என்கிறான். பின்கால் வழுக்கல் நின்றுவிட்டது. சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று போன கிழமை ஸஹ்ரா டொக்டர் சொன்னார். றீற்றா டீச்சர் அவனுக்கு மீன் தலை அவித்துக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்.

காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் குடை இல்லாமல் இறங்கி வந்தார். கையில் ஒரு பை, கரடிக்கு இறைச்சிக் கடையில் வாங்கிய எலும்பு. கரடி குரைக்கவில்லை. என் பின்னால் வந்து நின்றான். றீற்றா டீச்சர் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குசினிக்குள் போய்விட்டார்.

கரடியைப் பார்த்து, "நல்லா தேறிட்டான்" என்றார். நானும் ஆம் என்றேன்.

"வெயில் முடிஞ்சிருச்சு. கீழயும் நல்ல மழை. பின்பக்கத் தகரத்தக் கழட்டி ஷீட் போட்டுட்டேன். வா, போவோம்."

உண்மையாகவே போட்டிருப்பார். அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. ஒரு நிமிடம் எனக்குக் கால் நகரப் பார்த்தது, சர்மி. இதை உனக்கு எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

"நான் நாய்க்காக மேல வரல" என்றேன்.

"பின்ன?"

"அன்னைக்கு உங்ககிட்ட சாவி கேட்டேன். நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே பையில போட்டீங்க."

அவர் யோசித்தார். எதையோ மறந்துபோய்த் தேடுகிறவர் மாதிரி உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அதுக்கா?" என்றார்.

கோபத்தில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். நீ போனில் அதையே கேட்டிருந்தும், மூன்று மாதமாக அவருக்கு இது தோன்றவே இல்லை. நான் அங்கே திரும்பிப் போய் இன்னும் முப்பது வருடம் இருந்தாலும் தோன்றியிருக்காது.

"அதுக்குத்தான்" என்றேன்.

எலும்புப் பையை மதிலில் வைத்தார். "ஆளுங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். "அது நீங்க யோசிக்க வேண்டியது" என்றேன். என் குரல் ஏறவில்லை. கார் திரும்பி வளைவுகளில் இறங்கிப் போவது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

றீற்றா டீச்சர் மூன்று கோப்பை தேத்தண்ணியோடு வந்தார். ஒன்றை என் கையில் தந்துவிட்டு மற்றதைத் தானே குடித்தார். மூன்றாவது ஆறிப்போய்க் கிடந்தது. பிறகு, "நாளைக்கு எனக்கு ரெண்டு பாடம்தான், லோயரிட்டப் போறதெண்டால் கூட வாறன்" என்றார். இன்று போய் வந்தோம். லோயர் ஒரு பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். என் பெயரைக் கேட்டுவிட்டு, கணவர் பெயரை எழுதாமல், முதலில் என் பெயரை மட்டும் முழுதாக எழுதினாள்.

நேற்றிரவு தூங்கினேன் என்று சொல்லமாட்டேன். எழும்பி எழும்பி ஜன்னலால் ரோட்டைப் பார்த்தேன். இனியும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் போல.

நீ வருடக் கடைசியில் லீவு எடுப்பதாயிருந்தால் இந்த அறைக்கு வா. கட்டில் ஒன்றுதான், சுவரோரம் நீ படு. கம்பளிச் சட்டை கொண்டு வா.

உன் அக்கா
யசோதினி